ஏரிக்குள் நடந்த கப்பல் போர்!

காட்டு மரத்தில் கட்டிய கப்பல்கள் இரண்டு நாடுகளின் எல்லையைக் காத்த கதை

கப்பல் சண்டை என்றால் கடலில்தான் நடக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் கடலையே பார்க்காத கப்பல்கள், ஏரித் தண்ணீரில் நின்று, ஒன்றையொன்று பீரங்கியால் சுட்டு நொறுக்கிய காலம் ஒன்று இருந்தது.

அந்தக் கப்பல்கள் வேறு எங்கிருந்தும் வந்தவை அல்ல. ஏரிக்கரைக் காட்டில் மரம் வெட்டி, அங்கேயே கட்டியவை. காலையில் மரமாக நின்றது, சாயங்காலம் கப்பலில் பலகையாக இருக்கும். அவ்வளவு அவசரம்!

இது நடந்தது 1812 முதல் 1814 வரை. இடம் வட அமெரிக்கா. சண்டை போட்டவர்கள் அமெரிக்கரும் ஆங்கிலேயரும்.

சண்டை ஏன் வந்தது?

அமெரிக்கா, இங்கிலாந்திடம் இருந்து விடுதலை பெற்று அப்போது 30 ஆண்டுகள் கூட ஆகவில்லை. வடக்கே இருந்த கனடா இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்தது.

ஐரோப்பாவில் நெப்போலியனோடு இங்கிலாந்து பெரிய யுத்தம் நடத்திக் கொண்டிருந்தது. அதன் கடற்படைக்கு ஆள் போதவில்லை. ஆகவே ஆங்கிலேயர், நடுக்கடலில் அமெரிக்கக் கப்பல்களை நிறுத்தினார்கள். "நீ எங்கள் நாட்டுக்காரன்" என்று சொல்லி, மாலுமிகளைப் பிடித்துக் கொண்டு போனார்கள். அமெரிக்காவின் வியாபாரத்துக்கும் தடை போட்டார்கள்.

அமெரிக்காவுக்குக் கோபம் வந்தது. கனடாவைப் பிடித்து விடலாம் என்ற ஆசையும் சிலருக்கு இருந்தது. 1812 ஜூன் 18-ந் தேதி அமெரிக்கா போர் அறிவித்தது.

ஏரிதான் பாதை

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில் பெரிய பெரிய ஏரிகள் இருக்கின்றன. ஈரி ஏரியின் நீளம் சுமார் 240 மைல். ஒண்டாரியோ ஏரியின் நீளம் சுமார் 190 மைல். கரையில் நின்று பார்த்தால் மறுகரை தெரியாது. புயல் அடித்தால் கடலைப் போலவே அலை எழும்பும்.

அந்தக் காலத்தில் கரையெல்லாம் காடு. நல்ல சாலை கிடையாது. மழை பெய்தால் வண்டிச் சக்கரம் சேற்றில் புதைந்து விடும். ஒரு பீரங்கியை அனுப்புவதானாலும், ஒரு மூட்டை மாவை அனுப்புவதானாலும் ஏரி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். ஆகவே ஏரி யார் கையில் இருக்கிறதோ, கரையும் அவர் கையில்!

"கடலில் இருக்கும் போர்க்கப்பலைக் கொண்டு வந்து விட்டால் போகிறது" என்று தோன்றும். அது முடியாது. கடலையும் ஒண்டாரியோ ஏரியையும் இணைப்பது செயிண்ட் லாரன்ஸ் ஆறு. வழியில் பாறைகளும், வேகமான நீரோட்டமும் இருந்தன. சிறு படகுகள் மட்டுமே, அதுவும் மிகுந்த பாடுபட்டு, ஏறி வர முடியும்.

ஒண்டாரியோ ஏரிக்கும் ஈரி ஏரிக்கும் நடுவிலோ நயாகரா நீர்வீழ்ச்சி! 160 அடிக்கு மேல் உயரம். எந்தக் கப்பல் அதில் ஏறும்?

அதனால் ஒவ்வொரு ஏரியும் ஒரு தனிக் கடல் போல இருந்தது. ஒவ்வொரு ஏரிக்கும் தனித்தனியாகக் கப்பல் கட்ட வேண்டும். யார் முதலில் கட்டுகிறாரோ அவருக்கு வெற்றி.

இந்தச் சண்டையில் பீரங்கி வெடிப்பதற்கு முன்னால் பேசியது கோடாரி!

காட்டுக்குள் ஒரு கப்பல் துறை

முதலில் ஈரி ஏரி ஆங்கிலேயர் கையில் இருந்தது. 1812 ஆகஸ்டு 16-ந் தேதி டெட்ராய்ட் கோட்டையில் இருந்த அமெரிக்கப் படை சரண் அடைந்து விட்டது.

டேனியல் டாபின்ஸ் என்பவர் அந்த ஏரியில் சரக்குக் கப்பல் ஓட்டியவர். ஏரியின் ஒவ்வொரு மூலையும் அவருக்குத் தெரியும். அவர் தலைநகரான வாஷிங்டனுக்குப் போனார். "பிரஸ்க் ஐல் என்ற இடம் கப்பல் கட்டுவதற்கு நல்லது. அதன் வாயிலில் மணல் திட்டு இருக்கிறது. பகைவரின் பெரிய கப்பல் உள்ளே வர முடியாது" என்று சொன்னார். அரசாங்கம் ஒப்புக்கொண்டது.

அந்த இடம் ஒரு சின்ன ஊர். கப்பல் கட்டும் தச்சர் அங்கே இல்லை. இரும்பு இல்லை. கயிறு இல்லை. பாய் இல்லை. இருந்தது மரம் மட்டும்தான்.

நியூயார்க்கில் இருந்து நோவா பிரவுன் என்ற பெயர் பெற்ற கப்பல் தச்சர் வந்தார். ஆட்களும் வந்தார்கள். இரும்பும் கயிறும் 100 மைலுக்கு அப்பால் உள்ள பிட்ஸ்பர்க்கில் இருந்து வந்தன. இரும்பு ஆணி போதாத இடத்தில் மர ஆணி அடித்தார்கள்.

மரத்தை நன்றாகக் காயவைத்துத்தான் கப்பல் கட்ட வேண்டும். இங்கே அதற்கு நேரம் ஏது? பச்சை மரத்திலேயே கட்டினார்கள். வேலையில் இன்னும் நேர்த்தி வேண்டாமா என்ற பேச்சு வந்தபோது நோவா பிரவுன் சொன்ன பதில் வேடிக்கையானது.

"இந்தக் கப்பல்கள் ஒரே ஒரு சண்டைக்குத்தான் வேண்டும். நாம் ஜெயித்தால், அதோடு இவற்றின் வேலை முடிந்தது. தோற்றால், எதிரி பிடித்துக் கொண்டு போவதற்கு இந்த நேர்த்தி போதும்!" என்றார் அவர்.

இளம் தளபதி

1813 மார்ச் மாதம் ஆலிவர் பெர்ரி என்ற இளம் அதிகாரி அங்கே வந்து சேர்ந்தார். 28 வயது கூட நிரம்பாதவர். இந்தக் கப்பல்களுக்கு அவர்தான் தளபதி.

கப்பல்கள் உருவாகி விட்டன. அவற்றில் பெரியவை இரண்டு. ஒன்றின் பெயர் "லாரன்ஸ்". மற்றொன்று "நயாகரா". இரண்டிலும் தலைக்கு 20 பீரங்கிகள்.

கப்பல் இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை! பெர்ரி தன் மேலதிகாரி சான்சியிடம் ஆள் கேட்டார். சான்சி, ஒண்டாரியோ ஏரியில் இருந்தவர். அவர் அனுப்பிய ஆட்களைப் பார்த்துப் பெர்ரி முகம் சுளித்தார். "கறுப்பர்களையும், சிப்பாய்களையும், சிறுவர்களையும் அனுப்பி இருக்கிறீர்களே!" என்று குறைபட்டு எழுதினார்.

சான்சி சுடச்சுடப் பதில் எழுதினார். "தோலின் நிறமோ, சட்டையின் அலங்காரமோ ஒருவனுடைய திறமையைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. என் கப்பலில் சுமார் 50 கறுப்பர்கள் இருக்கிறார்கள். என்னிடம் உள்ள மிகச் சிறந்த ஆட்களில் பலர் அவர்கள்தான்" என்பது அந்தக் கடிதத்தின் கருத்து.

கறுப்பு மக்களை அடிமைகளாக விலைக்கு வாங்கி விற்ற காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் தளபதி இப்படி எழுதினார். பெர்ரியின் கப்பல்களில் கறுப்பு மாலுமிகள் தோளோடு தோள் நின்று போரிட்டார்கள்.

மணலைத் தாண்டிய கப்பல்

பகைவரைத் தடுத்த மணல் திட்டே இப்போது பெர்ரியையும் தடுத்தது. திட்டின் மேல் இருந்த தண்ணீர் சுமார் 6 அடி. கப்பலுக்கு வேண்டியதோ 9 அடி.

வெளியே ஆங்கிலேயக் கப்பல்கள் காவல் காத்தன. அவற்றின் தளபதி ராபர்ட் பார்க்ளே. முந்திய போர் ஒன்றில் ஒரு கையை இழந்தவர். ஒற்றைக் கையோடு படை நடத்த வந்திருந்தார்.

ஜூலை மாதக் கடைசியில் பார்க்ளே காவலை விட்டுச் சில நாள் விலகிப் போனார். ஒரு விருந்துக்குப் போனார் என்று பிறகு கதை கட்டிச் சொன்னார்கள். எப்படியோ, பெர்ரிக்கு வழி கிடைத்தது.

கப்பலில் இருந்த பீரங்கிகளை எல்லாம் கரையில் இறக்கினார்கள். இரண்டு பெரிய மிதவைகளைக் கப்பலின் இரு பக்கமும் கொண்டு வந்தார்கள். மிதவைகளில் தண்ணீரை நிரப்பி அமிழ்த்தினார்கள். பெரிய மரங்களைக் குறுக்கே போட்டுக் கப்பலோடு சேர்த்துக் கட்டினார்கள். பிறகு மிதவையில் இருந்த தண்ணீரை இறைத்தார்கள். மிதவை மேலே வந்தது. அதோடு கப்பலும் மேலே எழும்பியது!

இரவு பகலாக வேலை நடந்தது. பார்க்ளே திரும்பி வந்தபோது அமெரிக்கக் கப்பல் மணல் திட்டைத் தாண்டி இருந்தது. ஈரி ஏரியில் பலம் மாறி விட்டது.

பசி துரத்தியது

பார்க்ளேயின் நிலைமை மோசம். அவரும் ஆம்ஹர்ஸ்ட்பர்க் என்ற இடத்தில் "டெட்ராய்ட்" என்ற கப்பலைக் கட்டினார். அதற்கு வேண்டிய பீரங்கிகள் வந்து சேரவில்லை. கோட்டைச் சுவரில் இருந்த பீரங்கிகளைக் கழற்றிக் கப்பலில் வைத்தார். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு குண்டு! நெருப்பு வைக்கச் சரியான திரி கூட இல்லை. பீரங்கியின் துளைக்கு நேரே கைத்துப்பாக்கியைச் சுட்டு, அந்தப் பொறியில் வெடிக்க வைக்க வேண்டி இருந்தது.

கரையில் ஆங்கிலேயப் படை இருந்தது. அதோடு சேர்ந்து போரிட வந்த பழங்குடி வீரர்களும், அவர்களுடைய மனைவி மக்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். எல்லோருக்கும் சோறு ஏரி வழியாகத்தான் வர வேண்டும். ஏரி பெர்ரி கையில்! மாவு தீர்ந்து கொண்டே வந்தது.

பட்டினி கிடப்பதா, சண்டைக்குப் போவதா? பார்க்ளே சண்டைக்குப் புறப்பட்டார்.

1813 செப்டம்பர் 10

அன்று காலை இரண்டு படைகளும் எதிர்ப்பட்டன. பெர்ரியிடம் 9 கப்பல்கள். பார்க்ளேயிடம் 6 கப்பல்கள்.

பெர்ரியின் கப்பலில் ஒரு பெரிய நீலக்கொடி ஏறியது. "கப்பலை விட்டுக் கொடுக்காதே!" என்று அதில் எழுதி இருந்தது. அது, மூன்று மாதத்துக்கு முன் கடற்போரில் உயிர் விட்ட பெர்ரியின் நண்பர் ஜேம்ஸ் லாரன்சின் கடைசி வார்த்தை. அவர் பெயரைத்தான் கப்பலுக்கும் வைத்திருந்தார்கள். பெர்ரியின் 12 வயதுத் தம்பியும் அந்தக் கப்பலில் இருந்தான்.

பகல் 11.45 மணிக்கு ஆங்கிலேயர் முதல் குண்டைச் சுட்டார்கள். அவர்களுடைய நீளமான பீரங்கிகள் தூரத்திலேயே தாக்கின. பெர்ரியிடம் இருந்தவை பெரும்பாலும் குட்டைப் பீரங்கிகள். அருகே போனால்தான் அவற்றால் பயன். ஆகவே அடி வாங்கிக்கொண்டே "லாரன்ஸ்" முன்னேறியது.

இன்னொரு பெரிய கப்பலான "நயாகரா" பின்தங்கி விட்டது. அதன் தலைவர் எலியட். "ஏன் உதவிக்கு வரவில்லை?" என்ற சச்சரவு அவர்கள் இறந்த பிறகும் ஓயவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் "லாரன்ஸ்" கிட்டத்தட்டத் தனியாக நின்று போரிட்டது. பாய்கள் கிழிந்தன. பீரங்கிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. வேலைக்குத் தகுதியாக இருந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் இறந்தோ, காயம்பட்டோ விழுந்து விட்டார்கள்.

வேறு யாராக இருந்தாலும் சரண் அடைந்திருப்பார்கள். பெர்ரி, நீலக்கொடியை எடுத்துக் கொண்டு ஒரு சிறு படகில் இறங்கினார். குண்டுகள் தண்ணீரைக் கிழித்தன. துடுப்புப் போட்டு "நயாகரா"வை அடைந்தார். அதில் ஒரு பெரிய சேதமும் இல்லை! எலியட்டைச் சிறு கப்பல்களை அழைத்து வர அனுப்பி விட்டு, "நயாகரா"வை நேராக எதிரியின் வரிசைக்குள் செலுத்தினார்.

அதே நேரத்தில் ஆங்கிலேயரின் இரண்டு பெரிய கப்பல்கள் திரும்ப முயன்றபோது ஒன்றோடு ஒன்று மோதிச் சிக்கிக் கொண்டன. பெர்ரி இரண்டு பக்கமும் சுட்டார். சுமார் கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

பார்க்ளேக்கு மிச்சம் இருந்த ஒரு கையிலும் பலத்த காயம். 6 கப்பல்களும் சரண் அடைந்தன. ஒன்று கூடத் தப்பவில்லை.

பெர்ரி, ஒரு பழைய கடிதத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் நாலு வரி எழுதித் தரைப்படைத் தளபதி ஹாரிசனுக்கு அனுப்பினார். "எதிரியைச் சந்தித்தோம், அவர்கள் இப்போது நம் கையில்" என்பதுதான் செய்தி.

அமெரிக்கர் 27 பேரும், ஆங்கிலேயர் சுமார் 40 பேரும் உயிர் இழந்தார்கள்.

நாட்டை இழந்தவர்கள்

ஏரி போனதும் கரையும் போயிற்று. ஆங்கிலேயத் தளபதி புரோக்டர் பின்வாங்கத் தீர்மானித்தார்.

அவரோடு இருந்த பழங்குடித் தலைவர் டெகும்சே கொதித்து எழுந்தார். தங்கள் பூமியை வெள்ளைக்காரக் குடியேறிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்து வருவதைக் கண்டு, பல இனத்தாரையும் ஒன்று சேர்க்கப் பாடுபட்டவர் அவர். ஆங்கிலேயர் துணை இருப்பார்கள் என்று நம்பி வந்தவர். "கொழுத்த மிருகம் ஒன்று வாலைத் தூக்கிக் கொண்டு திரியும். பயம் வந்ததும் வாலைக் காலுக்கு நடுவில் இடுக்கிக் கொண்டு ஓடும். அப்படி இருக்கிறது உங்கள் செயல்!" என்று புரோக்டரை நேருக்கு நேர் இடித்துரைத்தார்.

பயன் இல்லை. 1813 அக்டோபர் 5-ந் தேதி தேம்ஸ் என்ற கனடா ஆற்றின் கரையில் சண்டை நடந்தது. அதில் டெகும்சே கொல்லப்பட்டார். அவர் உருவாக்கிய ஒற்றுமையும் அவரோடு சிதைந்தது.

வெள்ளைக்காரர்கள் இருவர் ஏரிக்காகச் சண்டை போட்டார்கள். சொந்த மண்ணை இழந்தவர்கள் மூன்றாமவர்கள்.

நீயா, நானா?

ஒண்டாரியோ ஏரியில் நடந்த கதை வேறு. அங்கே இரண்டு தளபதிகள் எதிர் எதிர்க் கரையில் உட்கார்ந்து கப்பல் கட்டினார்கள். சாக்கெட்ஸ் ஹார்பரில் அமெரிக்கரான சான்சி. கிங்ஸ்டனில் ஆங்கிலேயரான ஜேம்ஸ் இயோ.

இவர் ஒரு கப்பல் கட்டினால், அவர் அதைவிடப் பெரிதாகக் கட்டுவார். உடனே இவர் அதையும்விடப் பெரிதாக ஆரம்பிப்பார். யாரிடம் பலம் அதிகமோ அவர் ஏரியில் உலாவுவார். மற்றவர் துறைமுகத்துக்குள் பதுங்கி, சுத்தியல் அடித்துக் கொண்டிருப்பார்!

1814 மே மாதம் அமெரிக்கரின் புதுக் கப்பலுக்கு ஒரு நங்கூர வடம் தேவைப்பட்டது. அதன் எடை 4 டன்னுக்கு மேல். ஏரியில் ஆங்கிலேயர் காவல். எந்த வண்டியும் அதைத் தாங்காது. கடைசியில், நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள் வரிசையாக நின்று, ஒரு பெரிய மலைப்பாம்பைப் போல அதைத் தோளில் தூக்கினார்கள். சுமார் 20 மைல் நடந்தே கொண்டு போய்ச் சேர்த்தார்கள். தோல் உரிந்து, தோள்பட்டை வீங்கியது.

ஆங்கிலேயரும் சளைக்கவில்லை. இங்கிலாந்திலேயே ஒரு கப்பலுக்கு வேண்டிய மரங்களை அறுத்து, இழைத்து, கட்டுக்கட்டாகக் கடல் தாண்டி அனுப்பினார்கள். கனடாவில் மரத்துக்கா பஞ்சம்? காட்டுக்கு விறகு சுமந்த கதைதான்!

1814 செப்டம்பர் 10-ந் தேதி, கிங்ஸ்டனில் "செயிண்ட் லாரன்ஸ்" என்ற ராட்சதக் கப்பல் தண்ணீரில் இறங்கியது. மூன்று அடுக்கு. 112 பீரங்கிகள். உலகப் புகழ் பெற்ற நெல்சனின் "விக்டரி" கப்பலில் இருந்தவை கூட 104-தான்! ஏரித் தண்ணீரையே குடிக்கலாம் என்பதால், இந்தக் கப்பலில் தண்ணீர்ப் பீப்பாய்களை அடுக்க இடமே தேவைப்படவில்லை.

அது வந்ததும் சான்சி துறைமுகத்தை விட்டு வெளியே வரவில்லை. அந்தக் கப்பல் ஒரு சண்டை கூடப் போடவில்லை.

அந்த ஏரியில் ஒரே சமயத்தில் அதிகம் பேரைக் கொன்றது பீரங்கி அல்ல, சூறாவளி! 1813 ஆகஸ்டு 8-ந் தேதி அதிகாலையில் திடீர்க் காற்று அடித்தது. "ஹாமில்டன்", "ஸ்கர்ஜ்" என்ற இரண்டு அமெரிக்கக் கப்பல்கள் பீரங்கியின் பாரம் தாங்காமல் கவிழ்ந்தன. 50-க்கும் மேற்பட்டவர்கள் மூழ்கினார்கள். 1973-ம் ஆண்டில் அந்தக் கப்பல்களைக் கண்டுபிடித்தார்கள். சுமார் 300 அடி ஆழத்தில், குளிர்ந்த இருட்டில், அதிகம் சிதையாமல் அவை நிற்கின்றன.

சேவல் கூவியது!

கடைசிப் பெரிய சண்டை சாம்ப்ளெயின் ஏரியில் நடந்தது. இது நீளமான, ஒடுங்கிய ஏரி. கனடாவில் இருந்து அமெரிக்காவுக்குள் நுழைய நேர்வழி.

1814-ல் நெப்போலியன் பதவி இழந்தான். இங்கிலாந்துக்குக் கை ஓய்ந்தது. ஐரோப்பாவில் பழக்கப்பட்ட படைகளைக் கனடாவுக்கு அனுப்பியது. சுமார் 10,000 பேர் கொண்ட படை, பிரிவோஸ்ட் என்ற தளபதியின் கீழ், ஏரிக்கரையோரமாக இறங்கி வந்தது. பிளாட்ஸ்பர்க் என்ற ஊரில் அதைத் தடுக்க நின்ற அமெரிக்கர் அதில் பாதி கூட இல்லை.

ஆனால் படைக்குப் பக்கபலம் ஏரி அல்லவா? அங்கே அமெரிக்கத் தளபதி தாமஸ் மக்டோனோ இருந்தார். வயது 30. அவருக்குக் கப்பல் கட்டிக் கொடுத்தவர்கள் அதே நோவா பிரவுனும், அவர் சகோதரர் ஆடம் பிரவுனும்தான். "சரடோகா" என்ற கப்பல் சுமார் 40 நாளில் தயார். "ஈகிள்" என்ற கப்பலைக் கட்ட மூன்று வாரம் கூட ஆகவில்லை!

ஆங்கிலேயரின் பெரிய கப்பல் "கான்பியன்ஸ்". தண்ணீரில் இறங்கி மூன்று வாரம் ஆவதற்குள் சண்டைக்குப் புறப்பட்டது. தச்சர்கள் இன்னும் உள்ளே ஆணி அடித்துக் கொண்டிருந்தார்கள். தளபதி டவுனி புதிதாக வந்தவர். தன் மாலுமிகளின் முகம் கூட அவருக்கு நன்றாகப் பழகவில்லை.

மக்டோனோ ஒரு யுக்தி செய்தார். கப்பல்களைக் குடாவுக்குள் நங்கூரம் பாய்ச்சி நிறுத்தினார். முன்னும் பின்னும் கூடுதலாக நங்கூரங்களும் வடங்களும் போட்டு வைத்தார். அந்த வடங்களைப் பிடித்து இழுத்தால், நின்ற இடத்திலேயே கப்பலை மறுபக்கம் திருப்பி விடலாம்.

1814 செப்டம்பர் 11-ந் தேதி காலை சண்டை தொடங்கியது. ஒரு குண்டு, "சரடோகா"வில் இருந்த கோழிக் கூண்டை உடைத்தது. உள்ளே இருந்த சேவல் பறந்து, உயரமான இடத்தில் ஏறி நின்று, இறக்கையை அடித்துக் கொண்டு கூவியது என்று சொல்வார்கள். மாலுமிகள் நல்ல சகுனம் என்று ஆரவாரம் செய்தார்கள்!

கொஞ்ச நேரத்தில் டவுனி இறந்தார். ஒரு குண்டு தாக்கியதால் பெயர்ந்து வந்த பீரங்கி அவர் மேல் சாய்ந்து விட்டது.

சண்டை உக்கிரமானது. "சரடோகா"வின் ஒரு பக்கத்துப் பீரங்கிகள் எல்லாம் பழுதாகி விட்டன. அப்போது மக்டோனோ வடத்தை இழுக்கச் சொன்னார். கப்பல் மெல்லத் திரும்பியது. அடியே படாத மறுபக்கத்துப் பீரங்கிகள் முழங்கின!

"கான்பியன்ஸ்" கப்பலும் அதேபோலத் திரும்பப் பார்த்தது. முன்னேற்பாடு இல்லாததால் பாதியில் நின்று விட்டது. அதன் உடலில் மட்டும் 105 குண்டுகள் பாய்ந்திருந்தன. இரண்டரை மணி நேரத்துக்குள் ஆங்கிலேயரின் நான்கு பெரிய கப்பல்களும் சரண் அடைந்தன.

கரையில் 10,000 வீரர்கள் தயாராக நின்றார்கள். ஆனால் ஏரி போன பிறகு, சோறும் வெடிமருந்தும் எந்த வழியாக வரும்? பிரிவோஸ்ட் படையைத் திருப்பிக் கொண்டு போய் விட்டார்.

வெல்லிங்டன் சொன்ன உண்மை

அப்போது பெல்ஜியத்தில் உள்ள கெண்ட் நகரத்தில் சமாதானப் பேச்சு நடந்து கொண்டிருந்தது. அமெரிக்காவின் நிலத்தில் ஒரு பங்கு வேண்டும் என்று ஆங்கிலேயர் கேட்டு வந்தார்கள்.

இங்கிலாந்து அரசாங்கம் தன் புகழ் பெற்ற தளபதி வெல்லிங்டனிடம் யோசனை கேட்டது. அவர் ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார்: "அங்கே இப்போது குறைவாக இருப்பது தளபதி அல்ல. ஏரிகளில் கப்பல் பலம்தான் குறைவு. அது இல்லாமல் நிலம் கேட்க நமக்கு உரிமை இல்லை."

1814 டிசம்பர் 24-ந் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. போருக்கு முன் எல்லை எங்கே இருந்ததோ, அங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். பச்சை மரத்தில் கட்டிய கப்பல்கள் ஒரு நாட்டின் எல்லையைக் காப்பாற்றி விட்டன.

ஆளுக்கு ஒரு கப்பல்

சண்டை நின்றது. கட்டிய கப்பல்கள் நின்றன. மறுபடியும் கட்டுவதா? மறுபடியும் பணத்தைத் தண்ணீரில் போடுவதா?

இரண்டு நாடுகளும் யோசித்தன. 1817-ல் ஓர் உடன்பாடு செய்து கொண்டன. ஒண்டாரியோ ஏரியில் ஆளுக்கு ஒரு கப்பல். சாம்ப்ளெயின் ஏரியில் ஆளுக்கு ஒன்று. மேலே உள்ள பெரிய ஏரிகளுக்கெல்லாம் சேர்த்து ஆளுக்கு இரண்டு. ஒவ்வொன்றும் 100 டன்னுக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பீரங்கி!

உடனே எல்லாம் இனித்து விடவில்லை. கரையில் கோட்டை கட்டுவது பல ஆண்டுகள் நடந்தது. இடையில் மனத்தாங்கலும் வந்தது. ஆனால் இந்த ஏரிகளில் இந்த இரண்டு நாடுகளின் கப்பல்கள் மறுபடி மோதிக் கொள்ளவே இல்லை. பிற்காலத்தில் சில மாறுதல்கள் செய்யப்பட்டாலும், அந்த உடன்பாடு இன்றும் இருக்கிறது.

கப்பல்கள் என்ன ஆயின?

112 பீரங்கி கொண்ட "செயிண்ட் லாரன்ஸ்" 1832-ல் வெறும் 25 பவுனுக்கு விலை போயிற்று. ஒரு சாராயம் காய்ச்சும் ஆலைக்காரர் அதைச் சாமான் போட்டு வைக்கப் பயன்படுத்தினார்.

நோவா பிரவுன் சொன்னபடி, பச்சை மரக் கப்பல்கள் சீக்கிரம் பழுதாகி விட்டன. "நயாகரா" பிரஸ்க் ஐல் குடாவிலேயே மூழ்கிக் கிடந்தது. 1913-ல், போரின் நூறாவது ஆண்டு விழாவுக்காக அதை வெளியே எடுத்தார்கள். அதே உருவத்தில் திரும்பக் கட்டிய கப்பல் இப்போது ஈரி நகரத்தில் இருக்கிறது.

பெர்ரி 1819-ல் மஞ்சள் காய்ச்சல் கண்டு, தமது 34-வது பிறந்த நாளிலேயே இறந்தார். பார்க்ளேயின் தோல்வியைப் பற்றி இராணுவ நீதிமன்றம் விசாரித்தது. அவர் மேல் குற்றம் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிற்று.

ஈரி ஏரிச் சண்டை முடிந்த பிறகு, அருகில் இருந்த தீவு ஒன்றில், இறந்த அதிகாரிகளை இரண்டு பக்கத்தாரும் சேர்ந்தே ஊர்வலமாக எடுத்துச் சென்று அடக்கம் செய்தார்கள். அமெரிக்கர் மூவர். ஆங்கிலேயர் மூவர்.

அந்தத் தீவில் இன்று 352 அடி உயரமான நினைவுத் தூண் நிற்கிறது. வெற்றிக்கும் சமாதானத்துக்கும் சேர்த்து எழுப்பிய தூண் அது. அதன் அடியில் அந்த ஆறு பேரும் ஒன்றாக உறங்குகிறார்கள்.